நகர் கண்ட காவலர்

சென்னை மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கின்றது. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் இவ்வேரி, நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் பரப்பால் இரண்டாவதாகும். அதன் கரையில் மீனவர் குப்பங்கள் பல உள்ளன. இன்ன நாளில் இன்ன குப்பத்தார் ஏரியின் இன்ன இடத்தில் வலையிடுதல் வேண்டும் என்று அம்மீனவர் தமக்குள் நெடுங்காலமாக ஒரு முறை வகுத்துக் கொண்டுள்ளனர். பாடு என்பது அம்முறையின் பெயர். ஏரி ஒருவர்க்கு உரியதன்று. அனைவர்க்கும் பொது என்பதே அம்முறைக்கு அடிப்படை.

ஏரிக்கரையில் அமைந்த பழவேற்காட்டூரில் பழைய கட்டடங்கள் சில காணப்படுகின்றன. 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியாக் கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகக் காட்சியளிக்கின்றது. பீரங்கிகள் நின்ற இடத்தில் இப்பொழுது முட்செடிகள் நிற்கின்றன. ஆனால், அவ்வூர்ப் பள்ளிவாசல்களில் இன்றும் தொழுகை நடைபெறுகின்றது. பகலவன் நிழலைக் கொண்டு தொழுகை வேளையை அறிவிக்கும் நிழற்கடிகாரம் ஒன்றையும் அங்கே காணலாம். போருக்கென எழுந்தது அழிந்தது. பொதுவுக்கென எழுந்தது நிலைத்தது. இவ்வுண்மையைத் தம் வாழ்வாலும் தாம் எழுப்பிய கட்டடங்களாலும் விளக்கிய மன்னர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பழவேற்காடு முதலில் விசயநகர அரசுக்கு உட்பட்டிருந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வடக்கேயிருந்து விரிந்து வந்த கோல்கொண்டா அரசின் ஆட்சிக்கு அது உட்பட்டது. கோல்கொண்டாவை ஆண்டவர் குதுப்ஷாகி மரபினர். அம்மரபில் ஐந்தாம் மன்னராய் விளங்கியவர் முகம்மது குலி குதுப்ஷா. பழவேற்காடு அவ்வரசின்கீழ் வருமுன்னரே அவர் மறைந்துவிட்டார். ஆயினும், அவ்வரசின் பெயரை உலகறியச் செய்தவர் அவரே. ஐதராபாத் நகரைக் கண்டவர் அவர். சார்மினாரை எழுப்பியவர் அவர். பள்ளிவாசலும் மருத்துவமனையும் அருகருகே அமைத்துப் பிணியாளர் துயர் துடைத்தவரும் அவரே.

முகம்மது குலி 1565ஆம் ஆண்டில் பிறந்தார். அவர்தம் தந்தையார் இப்ராகிம் குதுப்ஷா. இப்ராகிம் இளமையில் தம் தமையனின் சினத்துக்கு அஞ்சி, விசயநகரத்தில் இராமராயரின் ஆதரவில் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தவர். அக்காலத்தில் அவர் தெலுங்கு மொழியின் இனிமையை உணர்ந்தார். பின்னர் அரியணை ஏறியபொழுது தெலுங்குப் புலவர்களைத் தம் அவையில் அமர்த்திப் போற்றினார். எனினும், முகம்மது குலி பிறந்த அதே ஆண்டில் நிகழ்ந்த தலைக்கோட்டைப் போரில், தமக்குப் புகலிடம் தந்த இராமராயரையே எதிர்த்துப் பிற சுல்தான்களோடு சேர்ந்து இப்ராகிம் போரிட நேர்ந்தது. அன்பால் நெருங்கிய இரு அரசுகளை அரசியல் பகையாக்கிய காலம் அது. அத்தகைய காலத்தில், பாரசீகமும் தெலுங்கும் தக்கணி மொழியும் ஒருங்கே ஒலித்த அரண்மனையில் இளவரசர் வளர்ந்தார்.

1580ஆம் ஆண்டில் இப்ராகிம் மறைந்தார். முகம்மது குலி அரியணை ஏறினார். அப்பொழுது அவருக்கு வயது பதினைந்து அளவேயாகும். இன்றைய உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரின் பருவம் அது! அப்பருவத்தில் ஒரு நாட்டின் சுமையோடு, தந்தையார் விட்டுச் சென்ற போரின் சுமையும் அவர் தோள்மீது ஏறியது. அகமதுநகரப் படையோடு சேர்ந்து பீசப்பூருக்குரிய நல்துர்க்கக் கோட்டையை அவர்தம் படை முற்றுகையிட்டது. கோட்டை வீழவில்லை. பின்னர்த் தெற்கே விசயநகர வேந்தரின் பெனுகொண்டா நகரை முற்றுகையிட்டார், அதுவும் கைகூடவில்லை. படைகள் சோர்ந்தன, பொருள் வீணாயிற்று. போரால் பெறும் புகழ் நிலையற்றது என்பதனை இளமையிலேயே அவர் கண்டுகொண்டார் எனலாம். 1587ஆம் ஆண்டில் தம் தங்கையைப் பீசப்பூர் மன்னராகிய இரண்டாம் இப்ராகிம் ஆதில்ஷாவுக்கு மணம் செய்வித்து, நெடும்பகையை உறவாக மாற்றினார். மேற்கெல்லையில் அமைதி பிறந்தது. அந்த அமைதியே பின்னர் எழுந்த பெரும்பணிகளுக்கு அடித்தளமாயிற்று.

கோல்கொண்டா ஒரு மலைக்கோட்டை. பகைவரைத் தடுப்பதற்கு ஏற்ற இடம். ஆனால், மக்கள் பெருகி வாழ்வதற்கு ஏற்ற இடமன்று. வணிகம் செழிக்கச் செழிக்க வெளிநாட்டாரும் உள்நாட்டாரும் அங்கு வந்து குவிந்தனர். மதிலுக்குள் வீடுகள் நெருங்கின, தண்ணீர் போதவில்லை, நெருக்கத்தின் விளைவாக நோய் பரவிற்று. இந்நிலையைக் கண்ட மன்னர், மதிலை இன்னும் உயர்த்துவது பற்றி எண்ணவில்லை. மதிலை விட்டு வெளியேறுவது பற்றியே எண்ணினார். மூசி ஆற்றின் தென்கரையில், திறந்த சமவெளியில், புதியதொரு நகரைப் படைக்க முடிவு செய்தார். அவர்தம் தந்தையார் 1578ஆம் ஆண்டிலேயே அவ்வாற்றுக்குக் குறுக்கே கட்டியிருந்த கற்பாலம் இம்முயற்சிக்குத் துணையாயிற்று. 1591ஆம் ஆண்டில் நகரப்பணி தொடங்கியது. அந்நகரே இன்று தெலுங்கானா மாநிலத்தின் தலைநகராய் விளங்கும் ஐதராபாத் ஆகும்.

நகரின் அமைப்பை வகுப்பதில் மன்னருக்கு வலக்கையாய் இருந்தவர் முதலமைச்சர் மீர் மூமின். இவர் பாரசீக நாட்டினின்றும் வந்த பேரறிஞர். இவ்விருவரும் முதலில் அரண்மனைக்கு இடம் தேடவில்லை. முதலில் சாலைகளை வகுத்தனர். கோல்கொண்டாவிலிருந்து கீழைக்கடற்கரையின் மசூலிப்பட்டினத் துறைமுகத்துக்குச் செல்லும் பெருவழியும், வடக்குத் தெற்காகச் செல்லும் மற்றொரு பெருவழியும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நாற்சந்தியே நகரின் நடுவிடமாயிற்று. அந்நாற்சந்தியில் எழுந்ததே சார்மினார். நான்கு தூண்கோபுரங்களை உடையது என்பது அப்பெயரின் பொருள்.

சார்மினாரின் அமைப்பு எளிமையும் பெருமையும் ஒருங்கே வாய்ந்தது. நாற்சதுரமான அதன் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுடையது. நான்கு திசைகளையும் நோக்கி நான்கு பெரிய வளைவுகள் உள்ளன. அவற்றின் வழியே நான்கு பெருவீதிகளையும் காணலாம். நான்கு மூலைகளிலும் ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்துக்குக் கோபுரங்கள் ஓங்கி நிற்கின்றன. கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு கட்டி, மேலே பூவேலைப்பாடுகள் அமைத்துள்ளனர். 149 படிகளைக் கொண்ட சுழற்படிக்கட்டின் வழியாக மேலே செல்லலாம். மேல்தளத்தின் மேற்குப் பகுதியில் சிறு பள்ளிவாசல் ஒன்று அமைந்துள்ளது. கீழே வணிகர் நடமாட்டம், மேலே இறைவழிபாடு. உலக வாழ்வும் அருள் வாழ்வும் ஒரே கட்டடத்தில் இணைந்த காட்சி அது.

சார்மினார் எழுந்த காரணம் குறித்து இருவகைச் செய்திகள் உண்டு. கொடிய தொற்றுநோய் ஒன்று நீங்கியமைக்கு நன்றியாக மன்னர் அதனை எழுப்பினார் என்பது வழிவழியாக மக்கள் கூறிவரும் செய்தி. இசுலாமிய ஆண்டுக்கணக்கில் ஆயிரமாவது ஆண்டு தொடங்கியதன் நினைவாக எழுந்தது என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் கருத்து. எது எவ்வாறாயினும், நோயின் துயரை அம்மன்னர் மறந்தாரல்லர் என்பதற்கு மற்றொரு கட்டடம் உறுதியான சான்றாய் நிற்கின்றது. அதுவே தாருல் ஷிபா.

தாருல் ஷிபா என்னும் சொற்றொடர்க்கு நலம் பெறும் இல்லம் என்பது பொருள். 1595ஆம் ஆண்டை ஒட்டி, மூசி ஆற்றுக்குத் தெற்கே, சார்மினாருக்குச் சிறிது தொலைவில் இம்மருத்துவமனை எழுந்தது. நடுவே அகன்றதொரு முற்றம்; அதனைச் சூழ்ந்து இரண்டு தளங்களாக வரிசை வரிசையாய் அறைகள்; ஒவ்வோர் அறையின் முன்னும் வளைவு வாயில். இவ்வாறு அமைந்தது அக்கட்டடம். அருகிலேயே பள்ளிவாசலும் கட்டப்பெற்றது.

இவ்வமைப்பின் நுட்பத்தைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். நோயாளர்க்கு முதலில் வேண்டுவன நல்ல காற்றும் வெளிச்சமும் ஆகும். திறந்த முற்றம் அவ்விரண்டையும் எல்லா அறைகளுக்கும் சமமாகப் பகிர்ந்தளித்தது. தடித்த சுவர்கள் தக்காணத்து வெயிலின் கடுமையைத் தணித்தன. வளைவுகள் மேல்தளத்தின் பாரத்தைத் தாங்கியதோடு, உள்ளே நிழலையும் தந்தன. பள்ளிவாசல் அருகிருந்தமையால், நோயுற்றோரைக் காண வந்த உற்றார் தம் கவலையை இறைவன் திருமுன் இறக்கிவைக்க வழியிருந்தது. உடலின் நோய்க்கு ஓரிடமும் உள்ளத்தின் நோய்க்கு ஓரிடமும் அருகருகே அமைந்திருந்தன.

அங்கே யூனானி மருத்துவம் அளிக்கப்பட்டது. கிரேக்க நாட்டில் தோன்றி, அராபியராலும் பாரசீகராலும் வளர்க்கப்பெற்று, நம் நாட்டில் வேரூன்றிய மருத்துவமுறை அது. தாருல் ஷிபா நோய் தீர்க்கும் இடமாக மட்டுமன்றி, மருத்துவக் கல்வி நிலையமாகவும் விளங்கியது. நூலில் கற்றதனை நோயாளர் அருகிலேயே கண்டறியும் வாய்ப்பு மாணவர்க்குக் கிட்டியது.

வழிபாட்டிடத்தோடு மருத்துவமனையை இணைக்கும் வழக்கம் இசுலாமிய உலகில் முன்னரே இருந்தது. துருக்கி நாட்டின் திவ்ரிகி என்னும் ஊரில், 1228-29ஆம் ஆண்டில், பெரிய பள்ளிவாசலும் மருத்துவமனையும் ஒன்றோடொன்று ஒட்டி எழுந்தன. பள்ளிவாசலை அகமது ஷா என்னும் சிற்றரசரும், மருத்துவமனையைத் துரான் மலிக் என்னும் அரசியும் கட்டுவித்தனர். அவற்றின் கல் வாயில்களில் செதுக்கிய பூக்களும் கொடிகளும் இன்றும் காண்போர் கண்ணைக் கவர்கின்றன. எகிப்து நாட்டின் கெய்ரோ நகரில் கலாவூன் என்னும் மன்னர் 1284-85இல் பெரியதொரு மருத்துவமனையை நிறுவினார். இளமையில் அவர் நோயுற்றபொழுது, தமாசுக்கசு நகரத்து மருத்துவமனையின் மருந்தால் நலம் பெற்றார். தாமும் ஒன்றைக் கட்டுவதாக அப்பொழுதே உறுதி பூண்டார் என்று அந்நாட்டு வரலாற்றாசிரியர் கூறுவர். தாம் பெற்ற நலத்தைப் பிறரும் பெறுதல் வேண்டும் என்னும் எண்ணம் எத்துணை உயர்ந்தது!

தமிழகத்துக்கும் இவ்வறம் புதியதன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் என்னும் ஊரில் திருமால் கோயில் ஒன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழர் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று அங்கே உண்டு. அக்கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை நடைபெற்றதை அது தெரிவிக்கின்றது. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்கள் ஆகியோர்க்குரிய ஊதியமும் அதில் குறிக்கப்பட்டுள்ளது. கோயிலாயினும் பள்ளிவாசலாயினும், இறைவனை வணங்கும் இடத்தின் நிழலில் நோயுற்றவனுக்கும் இடம் உண்டு என்பதே இவையெல்லாம் உணர்த்தும் கருத்தாகும்.

முகம்மது குலி கல்லால் மட்டுமன்றிச் சொல்லாலும் கட்டினார். அவர் சிறந்த கவிஞர். அரசவை மொழியாகிய பாரசீகத்தோடு நில்லாமல், கடைவீதியிலும் இல்லங்களிலும் மக்கள் பேசிய தக்கணி மொழியில் ஆயிரக்கணக்கான பாடல்களை இயற்றினார். உருது மொழியின் தொடக்ககாலக் கவிஞர்களுள் முதல்வரிசையில் வைத்து அவர் எண்ணப்படுகின்றார். மொகரம், ஈது ஆகிய சமய நாள்களோடு, வசந்த விழாவும், மிருகசீரிடத்தில் வரும் முதல் மழையும், நாட்டுக் கனிகளும் அவர் பாடல்களுக்குப் பொருளாயின. தம் குடிமக்களின் இன்பங்களைத் தம் இன்பங்களாகக் கொண்ட உள்ளம் அவருடையது.

அவர் காலத்தில் கீழைக்கடற்கரை வணிகம் பெருகிற்று. 1606ஆம் ஆண்டில் டச்சுக்காரர்க்கு மசூலிப்பட்டினத்தில் வணிகம் செய்ய இசைவு அளித்தார். 1611இல் ஆங்கிலேயரும் அங்கே பண்டகசாலை அமைத்தனர். டச்சுக்காரர் தெற்கே நகர்ந்து பழவேற்காட்டை அடைந்ததும் அவ்வாண்டுகளிலேயே ஆகும். கோட்டையைக் கைவிட்டு ஒரு மன்னர் திறந்த நகரைக் கட்டிய காலத்தில், கடல் கடந்து வந்தோர் கரையில் கோட்டை கட்டத் தொடங்கினர் என்பது நினைக்கத்தக்கது.

முகம்மது குலி குறைகளே இல்லாதவர் என்று கூறுதல் பொருந்தாது. இன்ப வாழ்விலும் ஆடம்பரத்திலும் அவருக்கு நாட்டம் மிகுதி. ஓங்கிய மாடங்களும் பூம்பொழில்களும் சூழ்ந்த அரண்மனைகள் பலவற்றைத் தமக்கெனக் கட்டிக்கொண்டார். அவற்றின் அழகைத் தாமே பாடியும் மகிழ்ந்தார். 1612ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ 47ஆம் வயதில், அவர் உயிர் நீத்தார். கோல்கொண்டாக் கோட்டைக்கு அருகில், குதுப்ஷாகி மன்னர்களின் கல்லறைகளுக்கு நடுவே, அவர்தம் கல்லறை மிகச் சிறந்த ஒன்றாக விளங்குகின்றது. ஆண்மகவு இல்லாமையால், அவர்தம் தமையன் முறையாரின் மகனாகவன்றி உடன்பிறந்தாரின் மகனும், தம் மகள் ஹயாத் பக்ஷி பேகத்தின் கணவருமாகிய முகம்மது குதுப்ஷா அரியணை ஏறினார். அவரே தம் மாமனாரின் பாடல்களைத் தொகுத்துக் காத்தவர்.

1687ஆம் ஆண்டில் மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப் கோல்கொண்டாவைக் கைப்பற்றினார். அப்போர்களில் ஐதராபாத்தின் அரண்மனைகள் சூறையாடப்பட்டன. முகம்மது குலி தமக்கெனக் கட்டிய மாடங்கள் இன்று இல்லை. அவை நின்ற இடங்களைக்கூட ஆராய்ந்தே அறிதல் வேண்டும். ஆனால், நாற்சந்தியில் அனைவர்க்கும் பொதுவாய் நின்ற சார்மினார் இன்றும் நிற்கின்றது. அவர் காலத்தில் கட்டப்பெற்ற சாமி பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடைபெறுகின்றது. தமக்கென வைத்தவை மறைந்தன. பிறர்க்கென அளித்தவை நிலைத்தன.

தாருல் ஷிபாவின் நிலை சற்று வேறானது. காலப்போக்கில் அங்கே மருத்துவம் நின்றது. கட்டடமும் பழுதுற்றுச் சிதைந்தது. பகைவர் அழித்த அரண்மனைக்காக வருந்துவோர் பலர். கவனிப்பாரின்றிக் கரையும் மருத்துவமனைக்காக வருந்துவோர் சிலரே. எனினும், அக்கட்டடம் இருக்கும் பகுதி முழுவதும் இன்றும் தாருல் ஷிபா என்றே வழங்குகின்றது. அங்கு வீடு கட்டி வாழ்வோரும் கடை வைத்திருப்போரும், தம் முகவரியைக் கூறும்பொழுதெல்லாம் நலம் பெறும் இல்லம் என்னும் பொருள் தரும் அப்பெயரை உச்சரிக்கின்றனர். சுவர்கள் சாய்ந்தாலும் செய்த அறத்தின் பெயர் மக்கள் நாவில் வாழ்கின்றது.

பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு மீண்டும் வருவோம். அங்கே கோட்டை மேடாயிற்று, பள்ளிவாசல் நிற்கின்றது, ஏரியைப் பகிர்ந்துகொள்ளும் முறை, படகுகளோடு நாள்தோறும் புறப்படுகின்றது. பொதுவாகிய ஒன்று நிலைபெற வேண்டுமாயின், அதனைக் கட்டியவர் உள்ளம் மட்டும் போதாது; பின்வருவோர் அதனைப் பேணுதலும் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் முன்னோர் பொதுவுக்கென விட்டுச் சென்ற குளமோ, சத்திரமோ, வழிபாட்டிடமோ, மருத்துவமனையோ ஒன்று இருக்கும். அதனைத் தேடிக் காண்பதும், சிதையாமல் காப்பதும் இளைஞர் கடமையாகும். நகர் கண்ட காவலர் முகம்மது குலி குதுப்ஷாவின் வரலாறு நமக்கு நினைவூட்டுவதும் அதுவே.